எங்கள் வீட்டில் கை நனைக்காத ராஜா

என்னோடு இந்த ஜெர்மனியில் வளர்ந்தவர்களே, ஐம்பதைத் தொட்டுவிட்டு, வாசிப்புக் கண்ணாடியைத் தலையில் குத்திக்கொண்டே வீடெல்லாம் தேடுகிறவர்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பத்துப் பன்னிரண்டு வயதில் நாங்கள்தான் பெரிய மனிதர்களுக்கு வாய். டொக்டரிடம் அம்மாவின் வயிற்றுக் குத்தைச் சொன்னது நாங்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மின் என்று சந்திப்பு நேரம் கேட்டது நாங்கள். அன்ட்ராக், அந்த விண்ணப்பம், நிராகரிக்கப்பட்டது என்று அப்பாவுக்கு வாசித்துக் காட்டியதும் நாங்கள்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் என்று எங்களைப் புகழ்ந்தார்கள். நாங்கள் எதையெல்லாம் சொல்லாமல் விட்டோம் என்று ஒருவரும் கேட்டதில்லை. நான் விட்ட ஒன்றை இங்கே எழுதுகிறேன்.

கொலோனிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம் தள்ளி ஒரு சின்ன நகரம். நாலு மாடிக் கட்டிடத்தில் இரண்டாம் மாடி எங்களுடையது. அப்பா ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலையில் வேலை செய்தார். வேலை முடிந்து அவர் படியேறும்போது வறுத்த மாவின் மணமும் அவரோடு ஏறும். அந்த மணத்தை இரண்டு பேர் கொண்டுவருவார்கள். இரண்டாவது ஆள் எங்களுக்கு மேல் மாடியில் இருந்த நைஜீரியாக்காரர். அப்பாவோடு ஒரே ஷிப்டில், ஒரே அடுப்பின் முன்னால் நின்றவர். நான் அவரை மேல்வீட்டு மாமா என்பேன். அவருடைய மகளும் நானும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு.

அவர்கள் யொரூபா இனத்தவர்கள். முதல் நாள் படிக்கட்டில் அப்பாவைக் கண்டதும் மாமா கேட்ட முதல் கேள்வி வயது. அப்பா பயந்துபோனார். வயதைக் கேட்பவர்கள் எல்லாரும் கடைசியில் பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள் என்பது அவருடைய அனுபவம். என்னைக் கூப்பிட்டார். நான் சொன்னேன். அப்பாவுக்கு இரண்டு வயது கூட. உடனே அந்த ஆறடி மனிதர் பையைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, விரல்கள் தரையில் படும்படி அப்பாவை வணங்கினார்.

"ஐயோ எழும்புங்கோ அண்ணை, எழும்புங்கோ," என்று அப்பா தமிழிலேயே பதறினார்.

மூத்தவரை வணங்குவது தங்கள் வழக்கம் என்று மாமா ஜெர்மனில் எனக்கு விளக்கினார். அவர்கள் மொழியில் மூத்தவருக்கு எக்பொன் என்று பெயராம். அன்றிலிருந்து அவர் அப்பாவை எக்பொன் என்றார். அப்பா அவரை, தன்னைவிட இளையவர் என்று தெரிந்தும், அண்ணை என்றே கூப்பிட்டார். ஒருவருக்கொருவர் அண்ணனாகவே நாலு வருடம் ஓட்டினார்கள். ஒவ்வொரு நாளும் அந்த வணக்கம் நடக்கும். அப்பா ஒவ்வொரு நாளும் பதறுவார். பிறகு வீட்டுக்குள் வந்து கண்ணாடியின் முன் நின்று தலை சீவுவார். வேலைக்குப் போய்விட்டு வந்த மனிதர் எதற்குத் தலை சீவுகிறார் என்று அம்மா பகிடி பண்ணுவா.

இப்போது எனக்கு அது விளங்குகிறது. ஊரில் அப்பா மற்றவர்களுக்காக ஒழுங்கையில் ஒதுங்கி நின்று, தோளில் கிடந்த துவாயை எடுத்து அக்குளில் வைத்தவர். அவருக்கு முன்னால் ஒரு மனிதன் குனிவது அதுதான் முதல் தடவை. நாங்கள் என்ன சாதி என்று இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அதை மட்டும்தான் வாசிப்பீர்கள்.

எனக்கு அப்போது சாதி என்ற சொல்லே தெரியாது. கடல் தாண்டினால் எல்லாம் கழுவுப்பட்டுவிடும் என்று நம்பித்தான் அப்பாவும் அம்மாவும் எனக்கு ஒன்றையும் சொல்லாமல் வளர்த்தார்கள். அது அவர்கள் விட்ட பிழை.

தொழிற்சாலை இடைவேளையில் அப்பாவும் மாமாவும் ஒரு பெட்டியில் சாப்பிடுவார்கள். அம்மா கட்டிக்கொடுத்த சோறும் மீன்குழம்பும் ஒரு பக்கம். உருளைக்கிழங்கு மாவில் கிண்டிய மாமா வீட்டுக் களியும் காரமான இறைச்சிக் குழம்பும் மறுபக்கம். இருவரும் கையால் சாப்பிடுவதை மற்றத் தொழிலாளிகள் வேடிக்கை பார்ப்பார்களாம். "எங்கடை சனத்திலை ஒருத்தன் என்னோடை இப்பிடிச் சாப்பிட்டதில்லை," என்று அப்பா ஒருநாள் சொன்னார். நான் அதைப் பசியைப் பற்றிய கதை என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் மேல்வீடு நிரம்பிவிடும். கொலோன், டூசல்டோர்ஃப் என்று எங்கெங்கோ இருந்து அவர்களுடைய ஆட்கள் வருவார்கள். விசேஷம் என்றால் எல்லாரும் ஒரே துணியில் தைத்து உடுத்தியிருப்பார்கள். படிக்கட்டு முழுக்க நீலம், அடுத்த மாதம் முழுக்கச் செம்மஞ்சள். வாசலிலேயே ஆண்கள் மூத்தவர்களுக்கு விழுந்து வணங்குவார்கள், பெண்கள் முழந்தாளிடுவார்கள். என் சினேகிதி எங்கள் வீட்டுக்கு வந்தாலும் முதலில் அம்மாவுக்கு முன் முழந்தாளிட்ட பிறகுதான் என் அறைக்கு வருவாள். "இந்தப் பிள்ளையைப் பார்த்துப் பழகு," என்று எனக்குத் திட்டு விழும். மாமாவின் சொல்லுக்கு அந்தக் கூட்டத்தில் தனி மரியாதை இருந்தது. இரண்டு பேருக்குள் சண்டை என்றால் இருவரையும் எதிரெதிரே இருத்தி, இருவரும் பேசி முடியும் வரை வாயைத் திறக்கமாட்டார். "எங்கடை சனத்துக்கு இப்பிடி ஒரு ஆள் இல்லை," என்பா அம்மா.

எனக்குப் பன்னிரண்டு வயதான அந்த வசந்தத்தில், சைக்கிள்கள் நிற்கும் நிலவறைப் படியில் உட்கார்ந்து சினேகிதி சொன்னாள்.

"எங்கட ஊர் ராஜா கூரைக்கு ஏறிவிட்டார்."

"ஓடு மாத்தவா?"

அவள் சிரிக்கவில்லை. ராஜா செத்துவிட்டார் என்று சொல்லக்கூடாதாம். கூரைக்கு ஏறிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டுமாம். அவர்கள் ஊரில் நாலு அரச குடும்பங்கள் முறைவைத்து ஆள்கின்றன. இந்த முறை அவர்கள் குடும்பத்தின் தவணை. ராஜாவைத் தெரிவு செய்யும் ஏழு பெரியவர்கள் கூடியிருக்கிறார்கள். குறி சொல்பவர் பதினாறு பனங்கொட்டைகளைக் கையில் அள்ளிக் குறி பார்த்திருக்கிறார். மூன்று தரம் பார்த்தும் மூன்று தரமும் அவளுடைய அப்பாவின் பெயரே வந்ததாம்.

பாண் சுடும் மாமா ராஜாவா? எனக்குச் சிரிப்பு வந்தது. கிரீடம் உண்டா என்று கேட்டேன். உண்டு, மணிகள் கோத்த உயரமான முடி, மணிச் சரங்கள் முகத்தை மறைத்துத் தொங்கும், அதன் உட்புறத்தை ராஜாவே பார்க்கக்கூடாது என்றாள். ராஜா யாரையும் வணங்கமாட்டார். பெற்ற தாய்கூட அவர் முன் முழந்தாளிட வேண்டும். மற்றவர்கள் பார்க்க அவர் சாப்பிடக்கூடாது.

"ஏன்?"

"ராஜாவுக்கும் எங்களைப் போலப் பசிக்கும் என்று சனம் காணக்கூடாது. குறி வந்த நாளிலிருந்தே அப்பா அப்படித்தான். எங்களோடுகூடச் சாப்பிடுவதில்லை. முதுகு நோ என்று வேலைக்கு லீவு போட்டு வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். இதை நீ யாருக்கும் சொல்லாதே. அறிவிக்கும்வரை இரகசியம். பதவிக்கு ஆசைப்படுகிற சொந்தக்காரர் இங்கேயும் இருக்கிறார்கள்."

"நீ?"

"பள்ளிக்கூட வருடம் முடிய நானும் போறன்."

அவள் சொன்னதில் அந்தக் கடைசி வசனம்தான் எனக்குக் கேட்டது. வேறு சினேகிதி எனக்கு இல்லை. அடுத்த இரண்டு நாள் அவளோடு நான் கதைக்கவில்லை.

அந்த மாதமே நான் பெரியபிள்ளையானேன். சாமத்தியவீட்டுச் சடங்கை விட்டுத்தள்ளலாம் என்று அம்மா கெஞ்சினா. அப்பா கேட்கவில்லை. "ஊரிலை எங்களுக்கு மேளம் கூட அடிக்க விடேல்லை. இஞ்சை ஆர் தடுக்கிறது?" என்றார். தேவாலயத்தின் மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார். சுற்றுவட்டாரத்தில் இருந்த அத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கும் அழைப்புப் போனது. அறுபது பேருக்குச் சமையல். மூன்று நாள் அப்பா லீவு போட்டு அம்மாவோடு நின்று வெங்காயம் உரித்தார். கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, பருப்பு, றால் பொரியல், பாயாசம். குசினிக் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் மாமா என்னை நிறுத்தினார். எப்போதும் குனிந்து என் கண்ணுக்கு நேரே முகத்தை வைத்துப் பேசுபவர் அன்று நிமிர்ந்தே நின்றார்.

"உன் அப்பாவிடம் நான் சொல்வதைச் சரியாகச் சொல். நான் வருவேன். முன்வரிசையில் இருப்பேன். ஆனால் அங்கே சாப்பிட முடியாது. காரணத்தைப் பிறகு நானே சொல்வேன். மனவருத்தப்பட வேண்டாம் என்று சொல். அடுத்த நாள் பெரிய பாத்திரத்தோடு வந்து என் பங்கை வாங்கிப்போவேன். ஒரு பருக்கையும் மிச்சம் வைக்கமாட்டேன். சொல்வாயா?"

சொல்வேன் என்றேன். சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று எனக்கே நான் பல வருடம் சொல்லிக்கொண்டேன். பொய். அப்பா ஏன் என்று கேட்பார். மாமா ராஜாவாகப் போகிறார் என்று என் வாயால் சொல்ல வேண்டிவரும். சொல்லிவிட்டால் அது உண்மையாகி, சினேகிதி போய்விடுவாள். இப்படித்தான் என் மூளை வேலை செய்தது. அதோடு, ஒரு மனிதர் ஒரு வீட்டில் ஒரு நேரம் சாப்பிடாமல் விடுவது பெரிய விஷயம் என்று எனக்கு யார் சொல்லித்தந்தார்கள்?

விழா நாள். பட்டுச்சேலையும் தலை நிறையப் பூவுமாக என்னை மேடையில் இருத்தியிருந்தார்கள். மேடையிலிருந்து எல்லாம் தெரிந்தது. அழைத்த குடும்பங்களில் முக்கால்வாசி வந்திருந்தன. அன்பளிப்புத் தந்தார்கள், என்னோடு படம் எடுத்தார்கள், பிள்ளை வடிவாயிருக்கு என்றார்கள். சாப்பாட்டு மேசைக்கு மட்டும் எவரும் போகவில்லை.

"வெளிக்கிடேக்கைதான் சாப்பிட்டனாங்கள் அண்ணை."

"இண்டைக்குச் சனி விரதம்."

"வயிறு கொஞ்சம் சரியில்லை, குறை நினைக்காதேங்கோ."

சோடா மட்டும் குடித்தார்கள். பெட்டியிலிருந்த போத்தலைத் தாங்களே எடுத்து, தாங்களே மூடி திறந்து, அம்மா அடுக்கிவைத்திருந்த கிளாசுகளைத் தொடாமல் போத்தலோடே குடித்தார்கள். அந்த மண்டபத்தில் வயிறாரச் சாப்பிட்டது இரண்டே பேர். என் வகுப்பு ஆசிரியையும் கீழ்வீட்டு ஜெர்மன் கிழவரும். அவர் கோழிக்கறிக்கு மூன்று தரம் போனார். வெள்ளைக்காரர் சாப்பிட்டது அப்பாவுக்குக் கணக்கில் வரவில்லை.

அப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்கு இன்னும் ஓர் ஆள் இருந்தார்.

மாமா வெள்ளை அங்கியும் கழுத்தில் செம்மணி மாலையுமாகத் தனியே வந்தார். சினேகிதிக்குக் காய்ச்சல், தாயும் அவளோடு வீட்டில் நின்றுவிட்டா. அப்பா வழக்கம்போலப் பதறத் தயாராக இரண்டு கைகளையும் நீட்டினார். மாமா குனியவில்லை. நிமிர்ந்து நின்று கைகொடுத்தார். அப்பாவின் மற்றக் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி நின்றது.

பிறகு அப்பா தானே ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டு, கறியை மேலே வார்த்து, முன்வரிசைக்குக் கொண்டுபோனார். மாமா நெஞ்சில் கையை வைத்துத் தலையசைத்தார். அப்பா மறுபடி நீட்டினார். மாமா என்னைப் பார்த்தார். நான் மாலையிலிருந்த பூவைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தரம் அப்பா தன் கையால் ஒரு கவளம் பிசைந்து நீட்டினார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சோடாப் போத்தலோடு நின்ற அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

அப்பா கோப்பையோடு மேடைக்கு என்னிடம் வந்தார். 

"ஆரோ சொல்லிப்போட்டாங்கள்," என்றார்.

"என்னத்தை அப்பா?"

"நாங்கள் ஆரெண்டு இவனுக்கும் சொல்லிப்போட்டாங்கள். அதுதான் கும்பிடவுமில்லை, தொடவுமில்லை."

நைஜீரியாவிலிருந்து வந்த ஒரு மனிதரிடம் எங்கள் ஊர்ச் சாதியை யாரோ விளக்கியிருப்பார்கள், அவரும் அதைக் கேட்டு எங்களை ஒதுக்கிவிட்டார் என்று என் அப்பா நம்பினார். சிரிக்காதீர்கள். உலகத்தில் வேறு எந்த மனிதனுக்கும் இப்படி ஒரு சந்தேகம் வராது. நாலு தலைமுறை தண்ணீர் மறுக்கப்பட்டவனுக்கு மட்டும்தான் வரும்.

மண்டபத்துக் குசினியில் சட்டிகளைக் கழுவிக்கொண்டே அம்மா எனக்கு எல்லாவற்றையும் சொன்னா.

"அவை எங்கடை கையாலை ஒண்டும் வாங்கிச் சாப்பிடமாட்டினம் பிள்ளை. சோடா எண்டால் குடிப்பினம். அது மூடியோடை வாறது, எங்கடை கை படேல்லை."

என் சாமத்தியவீட்டில் நான் படித்தது அதுதான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். இரண்டு நாள் மறைத்ததற்கு அடி விழும் என்ற பயம். அப்பா என்னை அதுவரை அடித்ததே இல்லை என்பதையும் எழுதிவிட வேண்டும்.

மறுநாள் ஞாயிறு, பதினொரு மணியிருக்கும். கதவு தட்டப்பட்டது. மாமா ஒரு பெரிய அலுமினியச் சட்டியோடு நின்றார். சிரித்தபடி நின்றார். குசினியில் அறுபது பேருக்குச் சமைத்த சாப்பாடு அநேகமாக அப்படியே இருந்தது. கோழிக்கறியின் மணம் அவருடைய மூக்குக்குப் போகாமல் இருந்திருக்காது.

அப்பா நாற்காலியிலிருந்து எழும்பவில்லை. "முடிஞ்சுது எண்டு சொல்லு," என்றார்.

சொன்னேன். மாமாவின் சிரிப்பு மெல்ல மெல்லப் போனது. என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நான் சொன்னதை அப்பாவிடம் சொன்னாயா?"

"ஓம்," என்றேன். ஜெர்மனில் சொன்னேன் என்பதால் அது பொய்யில்லை என்று ஆகிவிடாது.

அவர் வெறும் சட்டியோடு மேலே ஏறிப்போனார். எல்லாம் தெரிந்தும் எக்பொன் தன்னைத் துரத்திவிட்டார் என்று அவர் நினைத்தார். எவனோ சொன்னதைக் கேட்டு இவனும் எங்களை ஒதுக்கினான் என்று அப்பா நினைத்தார். நடுவில் நான் நின்றேன், இரண்டு மொழியும் சரளமாகத் தெரிந்தவள். பின்னேரம் அப்பாவும் அம்மாவும் அந்தச் சாப்பாடு முழுவதையும் முற்றத்துக் குப்பைத் தொட்டியில் கொட்டினார்கள். அப்பா கடைசிச் சட்டியை வழித்துவிட்டு நிமிர்ந்தபோது மேல்வீட்டு யன்னலில் மாமா நின்றார்.

அடுத்த மாதம் அவர் ஊருக்குப் போனார். கோடை விடுமுறை தொடங்கியதும் சினேகிதியும் தாயும் போனார்கள். அதற்கு முன்பே அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் பிறகு தமிழர் வீட்டு விசேஷம் எதற்கும் போகவில்லை, யாரையும் வீட்டுக்குக் கூப்பிடவுமில்லை. என் கல்யாணம் பதிவு அலுவலகத்தில், சாட்சிகள் இருவரோடு முடிந்தது. அம்மா ஐந்து வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்தா. அப்பா அதே வீட்டில் தனியே இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார்.

போன மாசி மாதம் தெரியாத இலக்கத்திலிருந்து ஓர் அழைப்பு. என் சினேகிதி. படிக்கத் திரும்பி வந்தவள் ஹனோவரில் வேலை செய்கிறாளாம், என்னைத் தேடிப்பிடித்து அழைத்திருக்கிறாள். இப்போது ராஜாவாக இருக்கும் மாமா முழங்கால் சத்திரசிகிச்சைக்காக வந்து அவள் வீட்டில் தங்கியிருக்கிறார். எக்பொன் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டிருக்கிறார்.

"ராஜாவானவர் வெளியார் வீட்டுக்குப் போகக்கூடாது. உன் அப்பா வர வேண்டும். உள் அறையில், கதவைச் சாத்திவிட்டு, இருவரும் ஒன்றாகச் சாப்பிடலாம் என்கிறார். இந்த மரியாதையை அவர் தன் தம்பிமாருக்கே கொடுத்ததில்லை. வருகிற ஞாயிறு."

அந்த ஞாயிறு காலையில்தான் எனக்குத் துணிவு வந்தது. அப்பாவைக் கூட்டிப்போகக் காரோடு வந்து, குசினியில் உட்கார்ந்து, முழுவதையும் சொன்னேன். பனங்கொட்டை, இரகசியம், தபால் பெட்டி, நான் சொல்லாமல் விட்டது, வாசலில் சொன்ன பொய், இப்போது வந்திருக்கும் உள் அறை அழைப்பு. அழுதேன். அப்பா கத்தரிக்காயை வெட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. நான் எதிர்பார்த்தபடி எதுவும் அவர் முகத்தில் நடக்கவில்லை.

"கதவைச் சாத்திப்போட்டே?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம் அப்பா. ராசா மற்றவைக்கு முன்னாலை சாப்பிட ஏலாது. அது அவையின்ரை முறை. உங்களை ஒதுக்கேல்லை."

"கதவைச் சாத்திப்போட்டு எங்களோடை சாப்பிட்ட ஆக்கள் ஊரிலையும் இருந்தவை பிள்ளை. பின்பக்கத்தாலை வருவினம். என்ரை அம்மான்ரை மீன்குழம்பிலை ஒரு வெட்டு வெட்டுவினம். நல்ல மனுசர்தான். அடுத்தநாள் சந்தியிலை கண்டால் எங்களைத் தெரியாது." கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "ஒவ்வொருத்தருக்கும் ஒரு முறை இருக்குது. எல்லாற்றை முறையிலையும் நான்தான் கதவுக்குப் பின்னாலை. அந்த மனுசனிலை எனக்கு இப்ப கோவமில்லை எண்டு சொல்லு. ஆனால் நான் வரேல்லை. மண்டபத்திலை வைச்சுச் சாப்பிடுறதெண்டால் வாறன்."

நாற்பது வருடமாக, நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைத்துக் குற்றவுணர்ச்சியைச் சுமந்தவள் நான். அந்தக் குற்றவுணர்ச்சிக்குள் ஒரு ஆறுதலும் இருந்திருக்கிறது. சொல்லியிருந்தாலும் அப்பாவுக்கு அது போதுமாய் இருந்திருக்காது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பல்கனிக்குப் போய்ச் சினேகிதிக்கு அழைத்து அப்பா சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னேன்.  "காலையிலிருந்து சாப்பிடாமல் காத்திருக்கிறார்," என்றாள்.  இரண்டு கிழமையில் ராஜா ஊருக்குத் திரும்பிவிட்டார் என்று குறுஞ்செய்தி வந்தது.

அன்று நான் பல்கனியிலிருந்து உள்ளே வந்தபோது கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. மேசையில் இரண்டு கோப்பை. அப்பா ஒன்றில் சோற்றைப் போட்டு என் பக்கம் தள்ளி, "சாப்பிடு," என்றார்.

"எனக்கு வேண்டாம் அப்பா," என்றேன். அழுத பிறகு பசிக்கவில்லை, அவ்வளவுதான். சொல்லி முடித்த பிறகுதான் அவருடைய முகத்தைப் பார்த்தேன்.